இரண்டு சூரியன் மலை

ஜனவரி 6

அன்புக் குருவிக்கு அண்ணி எழுதுவது. இங்கே இரண்டு பேரும் சுகம். ஒருவருக்கு மட்டும் குளிக்க இடமில்லை. அது உன் அண்ணன். நீ அங்கே எப்படி இருக்கிறாய், சாப்பாடு இறங்குகிறதா, கம்பளி போதுமா என்பதை முதலில் எழுது. மற்ற பெருமையெல்லாம் அப்புறம்.

குளியலறையைப் படம் கழுவும் இருட்டறையாக நான் பிடித்துக்கொண்டுவிட்டேன். ஜன்னலுக்குக் கறுப்புப் போர்வை, மேலே சிவப்பு பல்பு, வாளி வைக்கும் மேடையில் மூன்று தட்டுகள். ஸ்டுடியோ முதலாளி, படத்தைப் பெரிதாக்கும் பழைய என்லார்ஜரைக் குப்பையில் போடப் போனார். நான் கேட்டு வாங்கி நான்கு மாடி தூக்கி வந்தேன். ஊரெல்லாம் லிஃப்ட் பழுது பார்க்கிற உன் அண்ணன் குடியிருக்கும் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது என்பது உனக்குத் தெரிந்த கதைதான்.

நாள் முழுக்க எனக்கு பாஸ்போர்ட் படம். "காது தெரியணும், சிரிக்காதீங்க, நேரா பாருங்க." ஒரு நாளைக்கு முப்பது முகம். முகமே இல்லாத படம் ஒன்று எடுத்தால் என்ன என்று தோன்றியது. மலை எடுக்க ஆசை. மலைக்கு எங்கே போவது? நம் ஜன்னலில் தெரிவது எதிர்க் கட்டடத்துச் சுவர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போர்வையைக் கசக்கி மேஜைமேல் போட்டு, பக்கத்திலிருந்து விளக்கைக் காட்டி எடுத்தேன். மலைத்தொடர் ஆகிவிட்டது. நிலவுக்கு உன் அண்ணனின் வழுக்கைத் தலையைப் பின்பக்கமாக எடுத்து, வெட்டி, மேலே ஒட்டினேன். அவர் பார்த்துவிட்டு, "நிலா நல்லா வந்திருக்கு, எங்க எடுத்தே?" என்றார். நான் இன்னும் சொல்லவில்லை.

மலைமேல் வானிலை நிலைய வேலைக்கு நீ கிளம்பிய அன்று வாசலில் நடந்ததை அவர் இன்னும் மென்றுகொண்டிருக்கிறார். "அந்த உயரத்துல மூணு மாசம் தாங்க மாட்டா" என்று அவர் சொல்லியிருக்க வேண்டாம். "ரெண்டு வருஷம் முடியாம கீழ இறங்கினா என்னை உன் தங்கச்சின்னே சொல்லாதே" என்று நீயும் சொல்லியிருக்க வேண்டாம். இரண்டும் ஒரே குட்டையில் ஊறிய மட்டை. நான் என்ன செய்ய.

நீ சொன்னபடி அடிவார அலுவலக முகவரிக்கே அனுப்புகிறேன். சனிக்கிழமை ஜீப் மேலே கொண்டுவந்து தருமாமே. உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணி


ஜனவரி 22

அன்புள்ள அண்ணி, கம்பளி ஒன்று போதவில்லை, இரண்டும் போதவில்லை. மற்றபடி உயிரோடு சுகமாக இருக்கிறேன். உங்கள் இருவர் நலத்துக்கும், முக்கியமாக அண்ணனின் குளியலுக்கும் வேண்டிக்கொள்கிறேன்.

வானிலை நிலையம் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். இரண்டு அறை, ஒரு ரேடியோ, வெளியே ஒரு வெள்ளைப் பெட்டிக்குள் தெர்மாமீட்டர்கள், ஒரு மழைமானி. நாளுக்கு நான்கு தடவை போய்ப் பார்த்து, எண்ணைக் குறித்து, ரேடியோவில் அடிவாரத்துக்குச் சொல்ல வேண்டும். என்னோடு தங்கியிருக்கும் மூத்த அம்மாள் நாளுக்குப் பத்து வார்த்தைதான் பேசுவார். அதில் ஆறு எண்ணாக இருக்கும். மனதுக்குள் அவருக்கு 'மூடுபனி' என்று பெயர் வைத்திருக்கிறேன்.

மூக்கு நுனி இருக்கிறதா என்று அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். பேனா மை உறைந்துவிட்டதால் பென்சிலில் எழுதுகிறேன். பத்துப் படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, தலைவலி விட்டபாடில்லை. பழகிவிடும் என்கிறார் மூடுபனி. ஆனால் காலையில் கதவைத் திறந்தால் மேகம் காலுக்குக் கீழே கிடக்கிறது, அண்ணி. இதற்காக வாசலில் சண்டை போட்டது தகும். இதை அண்ணனிடம் சொல்லுங்கள். தலைவலியை மட்டும் சொல்லாதீர்கள்.

அன்புடன்,
குருவி


பிப்ரவரி 15

அன்புக் குருவிக்கு, நாங்கள் நலம். உன் கடிதத்தை நான்தான் அவருக்கு வாசித்துக் காட்டினேன். தலைவலி வரி வந்ததும் ஒரு தாண்டு தாண்டிவிட்டேன். இப்போது எப்படி இருக்கிறது? எனக்குத் தாண்டாமல் எழுது.

இத்துடன் ஒரு படம் வைத்திருக்கிறேன். ஏரி, பின்னால் மலை, கரையில் மரங்கள், மேலே மேகம். ஏரி என் டெவலப்பர் மருந்துத் தட்டு. மலை நம் வீட்டுப் போர்வை. மரங்கள் காலிஃப்ளவர், படம் எடுத்தபின் காடு சமையலுக்குப் போய்விட்டது. மேகம் மட்டும் நிஜம், மொட்டை மாடியில் பிடித்தது.

நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன், செய்வது இப்படித்தான். முதலில் மலை நெகட்டிவை என்லார்ஜரில் போட்டு, கறுப்பு அட்டையை மலை விளிம்பின் வடிவத்தில் வெட்டி வானத்தை மறைத்துக்கொண்டு, தாளில் வெளிச்சம் விழவிடுவேன். அடுத்தது மேகம். இப்போது மலையை மறைக்க வேண்டும். அட்டையை ஆடாமல் பிடித்தால் வெட்டி ஒட்டியது பளிச்சென்று தெரியும். கை கொஞ்சம் நடுங்கினால்தான் இரண்டும் கலக்கும். அப்புறம் தாளைத் தட்டில் போட்டு ஆட்டினால், வெறும் வெள்ளையிலிருந்து மலை மெதுவாக எழுந்து வரும். அந்த அரை நிமிடத்துக்காக நான் எத்தனை பாஸ்போர்ட் படம் வேண்டுமானாலும் எடுப்பேன்.

ஒரே ஒரு விதி. எல்லாத் துண்டிலும் வெயில் ஒரே பக்கமிருந்து விழ வேண்டும். மலைக்கு இடப்பக்கம் வெயிலும் மரத்துக்கு வலப்பக்கம் வெயிலுமாக ஆறு படம் பாழ்.

இப்போது முக்கியமான சங்கதி. பாஸ்போர்ட் படத்துக்கு வந்த நூலகர் இந்தப் படத்தைப் பார்த்து, "இது எந்த ஊரும்மா?" என்றார். "எங்க வீட்டு பாத்ரூம் சார்" என்றேன். மனிதர் சிரித்துவிட்டு, ஜூனில் நூலக மாடியில் பன்னிரண்டு படம் மாட்டச் சொல்லிவிட்டார். பதினொன்று நான் கட்டிய மலைகள். பன்னிரண்டாவது ஒரு நிஜ மலை, உன் மலை. எது நிஜம் என்று வருகிறவர்கள் சீட்டில் எழுதிப் போடட்டும். உன்னிடம் கொடுத்தனுப்பிய காமிராவில் எடுத்து நெகட்டிவை அனுப்பு.

உன் அண்ணி


மார்ச் 28

அன்புள்ள அண்ணிக்கு, பதில் தாமதத்துக்கு மன்னிக்கவும். நான் நலம். நீங்களும் அண்ணனும் நலமாக இருப்பீர்கள்.

இங்கே மார்ச் முதல் வாரத்தில் குறைந்தபட்ச வெப்பநிலை மைனஸ் 4.2. கடந்த செவ்வாய் காற்று மணிக்கு ஐம்பத்தெட்டு கிலோமீட்டர். புதனன்று பதினோரு மில்லிமீட்டர் மழை. இந்த எண்களை அண்ணனிடம் சொல்லுங்கள், அவருக்குப் பிடிக்கும்.

மலைப் படம் எடுக்க முடியவில்லை. ஒரே மூடுபனி (நிஜ மூடுபனி, அம்மாள் இல்லை). காமிராவும் குளிரில் இறுகிவிட்டது. உங்கள் ஏரி மிக அழகு. மேஜைமேல் வைத்துத் தினமும் பார்க்கிறேன்.

குருவி


ஏப்ரல் 9

குருவிக்கு, ஒன்றரை மாதம் கழித்து வந்த கடிதம் ஒன்றேகால் பக்கம். சரி, சுகமாக இருக்கிறாய் என்று எழுதியிருக்கிறாய், அதை எடுத்துக்கொள்கிறேன். இங்கே நாங்கள் கடிதத்தில் எழுதும் அளவுக்கும் அதற்கு மேலும் சுகம்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. முதல் கடிதத்தில் உன் மூக்கு குளிர்ந்தது, விரல் குளிர்ந்தது, மையே உறைந்தது. இந்தக் கடிதத்தில் தெர்மாமீட்டர் மட்டும்தான் குளிர்கிறது. பேனாவில் வேறு எழுதியிருக்கிறாய். தலைவலி என்ன ஆயிற்று என்று கேட்டதற்கும் பதில் இல்லை.

உன் அண்ணனுக்கு இதெல்லாம் கண்ணில் படவில்லை. மைனஸ் 4.2 அவர் தலைக்கு ஏறிவிட்டது. பழுது பார்க்கப் போகிற கட்டடத்திலெல்லாம், லிஃப்டுக்குள் சிக்கியவர்களை வெளியே எடுக்கிறாரோ இல்லையோ, கதவிடுக்கு வழியாக முதலில் இதைச் சொல்லிவிடுகிறார். "இதுக்கே வேர்க்குதா? மேல என் தங்கச்சி மைனஸ் நாலுல நிக்கிறா." வீட்டில் மட்டும் மூச்சு விடுவதில்லை. போன வாரம் கடையில் நின்று, பெண்கள் அளவுக் கம்பளிக் கையுறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கேட்டால், "சும்மா" என்றார்.

ஒன்பது படம் முடிந்துவிட்டது. உன் மலைக்காகச் சுவரில் இடம் விட்டிருக்கிறேன்.

அண்ணி


மே 2

அன்புள்ள அண்ணி, நலமே. இத்துடன் நெகட்டிவ் வைத்திருக்கிறேன். பனி விலகிய ஒரு காலையில் நிலையத்து வாசலில் நின்று எடுத்தது. சரியாக வந்திருக்கிறதா தெரியவில்லை. வராவிட்டால் மாட்ட வேண்டாம். கையுறை வந்து சேர்ந்தது. அண்ணனிடம் அளவு சரியாக இருக்கிறது என்று சொல்லுங்கள்.

குருவி


மே 14

என் குருவிக்கு, இந்தக் கடிதத்தை நான் மட்டும் எழுதுகிறேன், நீ மட்டும் படி.

ஞாயிறு மத்தியானம் உன் நெகட்டிவைப் பெரிதாக்கினேன். தட்டில் மலை எழுந்து வந்தது. பின்னாலேயே உன் அண்ணன் கதவைத் தட்டினார். பொறுங்கள் என்றால் கேட்கிற ஆளா. சிவப்பு வெளிச்சத்தில் தட்டுமேல் குனிந்து பார்த்தார். பிறகு, "இங்கயா இருக்கா?" என்றார். நான் தலையை ஆட்டினேன்.

அவர் போனபின் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். உன் மலைக்கு இரண்டு சூரியன் இருக்கிறது. இடப்பக்க நிழல் ஜன்னலிலிருந்து வருவது, வலப்பக்க நிழல் மேஜை விளக்கிலிருந்து வருவது. சரிவில் கிடக்கும் பனிக்கு மூலைகள் இருக்கின்றன. பனிக்கு மூலை கிடையாது, உப்புக்குத்தான் உண்டு. இதெல்லாம் போகட்டும், அடிவாரத்தில் ஒரு பாறை மடிப்பில் 'மி.மீ.' என்று அச்சடித்திருக்கிறது. மழை எழுதும் படிவத்தையா கசக்கினாய்? நான் குளியலறையில் தனியாக நின்று சிரித்தேன். சிரித்து முடித்ததும் பயம் வந்துவிட்டது.

கடிதத்தில் நான் எழுதிய செய்முறையை வைத்து, முதல் தடவையிலேயே இப்படி ஒரு மலை கட்டியிருக்கிறாய். தொழில் தெரிந்தவளாகச் சொல்கிறேன், நல்ல மலை. 'மி.மீ.'யைப் பிரதியில் பென்சிலால் நிரவி மூடிவிட்டேன். ஆனால் மலைமேல் இருக்கிற ஒருத்தி எதற்காகக் காகிதத்தில் மலை செய்ய வேண்டும்?

எங்கே இருக்கிறாய் என்று கேட்கவில்லை. நன்றாக இருக்கிறாயா என்று மட்டும் கேட்கிறேன். உன் அண்ணன் ஒரு பிரதியை எடுத்துக்கொண்டுபோய், தான் பார்க்கிற பெரிய கட்டடத்து லிஃப்டில் ஒட்டிவிட்டார். ஜூலையில் பத்து நாள் விடுப்புக்கும் எழுதிக் கொடுத்துவிட்டார், உன் மலைக்கு வர.

அண்ணி


ஜூன் 3

அண்ணி,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் நாலு தாள் கிழித்தேன். நன்றாக இருக்கிறேன், அது பொய்யில்லை.

மலையில் நான் இருந்தது நாற்பத்தொரு நாள். கடைசி வாரம் சோறு நிற்கவில்லை, தூக்கம் இல்லை, படுத்தால் மூச்சு அடைத்தது. ஒரு காலையில் தெர்மாமீட்டரைப் பார்க்கப் போனவள் பெட்டியடியில் விழுந்துகிடந்தேன். மூடுபனி அம்மாள் என்னைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார், தனியாக. அன்று அவர் பத்து வார்த்தைக்கு மேல் பேசியிருப்பார் என்று நினைக்கிறேன். ஜீப்பில் இறக்கி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நுரையீரலில் நீர். சில உடம்புக்கு உயரம் ஒத்துக்கொள்ளாது, இனிமேல் ஏறக்கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உங்கள் ஏரிப் படம் எனக்கு ஆஸ்பத்திரிக் கட்டிலில்தான் கிடைத்தது.

இப்போது அடிவார அலுவலகத்தில் பின்னறையில் வேலை. மேலேயிருந்து மூடுபனி அம்மாள் ரேடியோவில் சொல்கிற எண்களைக் கேட்டுப் படிவத்தில் எழுதுகிறேன். நான் உங்களுக்கு எழுதிய எண்ணெல்லாம் நிஜம், அண்ணி. நான்தான் அங்கே இல்லை. வெயில் நாளில் அலுவலகக் கொல்லையில் நின்றால் அந்த மலை தெரியுமாம். நான் அந்தப் பக்கம் திரும்புவதில்லை.

மூன்று மாதம் தாங்க மாட்டேன் என்றார் அண்ணன். ஒன்றரை மாதம்கூட ஆகவில்லை. இதை எந்த முகத்தோடு அவரிடம் சொல்வேன்? அவர் கையுறை வாங்கி அனுப்பியிருக்கிறார். இங்கே மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து அதைப் போட்டுப் பார்த்தேன். எப்படியாவது அந்த விடுப்பை நிறுத்துங்கள். சாலை சரிந்துவிட்டது, பாதை மூடிவிட்டார்கள், எதையாவது சொல்லுங்கள். உங்களுக்குக் கட்டத் தெரியும்.

குருவி


ஜூன் 22

என் தங்கமே, உன் கடிதத்தைப் படித்து நான் அழுதது ஒரு பங்கு, ஆஸ்பத்திரியில் தனியாகக் கிடந்தாயே என்று திட்டியது மூன்று பங்கு. இப்போது மூச்சு எப்படி? நடந்தால் வாங்குகிறதா? இந்தத் தடவை எண்ணாக எழுதாதே.

கண்காட்சி முடிந்தது. உன் கடிதம் வந்தபின் 'எது நிஜம்?' என்ற கேள்வியை வைக்க முடியவில்லை. எழுதி வைத்த அட்டையைத் திருப்பிப்போட்டு, 'எந்த மலைக்குப் போக ஆசை?' என்று எழுதினேன். இருநூறு பேருக்கு மேல் வந்தார்கள். ஒரு அம்மா என் காலிஃப்ளவர் காட்டின் முன் நின்று, சின்ன வயதில் அங்கே போயிருப்பதாகவே சொன்னார். எதிர்த்துப் பேச எனக்கு மனசு வரவில்லை. நிலாப் படத்தின் முன்னால் உன் அண்ணன் தன் தலையை அடையாளம் கண்டுகொண்டார், ஐந்து மாதத்துக்குப் பிறகு. "அடிப்பாவி" என்றார். பிறகு இரண்டு பேரைக் கூட்டிவந்து காட்டினார்.

பெட்டியில் விழுந்த சீட்டுகளில் பாதிக்கு மேல், எட்டாம் நம்பராக நான் மாட்டிய உன் மலைக்கு. பத்து வருஷம் ஸ்டுடியோவில் இருந்தவளை நேற்று வந்தவள் தோற்கடித்துவிட்டாள். ஒரு சீட்டில் எழுத்து தெரிந்த எழுத்தாக இருந்தது. 'எட்டாம் நம்பர். டிக்கெட் எடுத்தாச்சு. ஜூலை 19.'

நாளெல்லாம் அந்தப் படத்தின் பக்கத்தில் காவல்காரர் மாதிரி நின்றார், குருவி. வருகிறவர்களிடமெல்லாம், "என் தங்கச்சி இருக்கிற மலை" என்றார்.

சாலை சரிந்தது என்று சொல்லச் சொன்னாய். தாளில் எத்தனை பொய் வேண்டுமானாலும் கட்டுவேன், அதைப் பார்க்கிறவர்கள் சந்தோஷமாக வீட்டுக்குப் போவார்கள். அவரிடம் என்னால் கட்ட முடியாது. உன் உண்மையை நானே உடைக்கவும் மாட்டேன். அது நீ எழுத வேண்டியது. அவர் பேருக்கு எழுது. வாசித்துக்காட்ட நான் நடுவில் இருக்க மாட்டேன்.

அண்ணி


ஜூன் 30

அன்புள்ள அண்ணா, நீ நலமா. உனக்கென்று தனியாக எழுதும் முதல் கடிதம் இப்படியா இருக்க வேண்டும் என்று இருக்கிறது.

நான் மலையில் இல்லை. பிப்ரவரியிலேயே உடம்பு முடியாமல் கீழே இறக்கிவிட்டார்கள். நாற்பத்தொரு நாள்தான் தாங்கினேன். இப்போது அடிவாரத்தில் எண் எழுதுகிறேன். நீ லிஃப்டில் ஒட்டியிருக்கும் மலை என் மேஜைமேல் கசக்கிய காகிதம், அதன்மேல் உப்பு. நீ சொன்னதுதான் நடந்தது. ஒத்துக்கொள்ள வெட்கமாக இருந்தது, அதனால் நாலரை மாதம் உன்னை ஏமாற்றினேன். அண்ணிமேல் கோபப்படாதே, அவர்களுக்கும் இப்போதுதான் தெரியும்.

டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிடு. கொல்லையில் நின்றால் தெரியும் மலையைத் தவிர இங்கே காட்ட என்னிடம் ஒன்றும் இல்லை. உன்னிடம் வாசலில் நான் சொன்ன வார்த்தை எனக்கு நினைவிருக்கிறது. உனக்கும் இருக்கும்.

குருவி


ஜூலை 7

குருவிக்கு அண்ணன். சௌக்கியம். உடம்பை முதல்ல பாத்துக்கோ. எனக்கு எழுத்துத் தமிழ் வராது, பேசுற மாதிரியே எழுதுறேன். தப்பு இருந்தா அண்ணிகிட்ட சொல்லாதே.

உன் லெட்டரை நானே படிச்சேன். ரெண்டு தடவை. கோவம் வந்துச்சு, மறைக்க மாட்டேன். காகித மலைக்கு இல்ல. ஆஸ்பத்திரில கிடந்தப்போ என்கிட்ட சொல்லணும்னு உனக்குத் தோணலையே, அதுக்கு. அப்புறம்தான் உறைச்சுது. மூணு மாசம் தாங்க மாட்டேன்னு அன்னைக்கு நான் வாயை விடாம இருந்திருந்தா, நீ அன்னைக்கே எனக்கு எழுதியிருப்பே. என் வாய் உன் வாயை அடைச்சிருச்சு. அதுக்கு என்னை மன்னிச்சிரு.

இருபத்திரெண்டு வருஷமா லிஃப்ட் பாக்குறேன். மேல போனவங்க கீழ வந்தா, ஏன் வந்தேன்னு இதுவரைக்கும் யாரையும் கேட்டதில்ல. நல்லபடியா வந்து சேந்தாங்களான்னுதான் பாப்பேன். உன் விஷயத்துல தொழிலை மறந்துட்டேன்.

படத்தை லிஃப்ட்லேர்ந்து எடுக்கல. முன்ன 'என் தங்கச்சி இருக்கிற மலை'ன்னு சொல்வேன். இப்ப 'என் தங்கச்சி செஞ்ச மலை'ன்னு சொல்றேன். முன்னைவிட உத்துப் பாக்குறாங்க. ஒருத்தர் அதுல ரெண்டு மாடி தாண்டிப் போயிட்டாரு.

டிக்கெட்டைத் திருப்பிக் குடுக்கல. இன்னொண்ணும் எடுத்திருக்கேன். உன் அண்ணி இத்தனை மலை செஞ்சும் ஒரு மலையைக்கூட நேர்ல பாத்ததில்லன்னு போன வாரம்தான் எனக்குத் தெரியும். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்துல நான் கேட்டதே இல்ல.

பத்தொன்பதாம் தேதி காலைல வந்து இறங்குவோம். நீ மலைமேல ஏற வேண்டாம், நாங்களும் ஏறல. மூணு பேரும் உன் ஆபீஸ் கொல்லைல நிப்போம். நீ அந்தப் பக்கம் திரும்பி, கையை நீட்டி, அதுதான் அண்ணான்னு காட்டு. எனக்கு அது போதும்.

அண்ணன்